கொற்கை முத்தின் உள்ளுறை



பொருளின் உள்ளீட்டைக் கொண்டு தீர்ந்த வழக்கு ஒன்று தமிழிலக்கியத்தில் உண்டு. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம். புறத்தோற்றத்தில் இரு சிலம்புகளும் வேறுபாடின்றி இருந்தன. உள்ளே இருப்பது யாது எனப் பார்க்குமுன் தீர்ப்பு வழங்கப்பட்டது. கோவலன் உயிர் போயிற்று. சிலம்பு உடைந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. பாண்டியனின் முத்து என்றவுடன் நினைவுக்கு வருவது கொற்கை. மதுரை எரியுண்ட பின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற வெற்றிவேற்செழியன் இருந்ததும் அக்கொற்கையே. அந்த முத்தையும் ஒருமுறை உடைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள். முத்தைப் பற்றித் தமிழ்க்கவிதை நெடுங்காலமாக ஒரு தீர்ப்பைச் சொல்லி வருகிறது. அத்தீர்ப்பும் உள்ளே பாராமல் சொல்லப்பட்டதே.

கொற்கை அன்றும் இன்றும்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த செங்கடற் பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கையைக் ‘கொல்கி’ எனக் குறிக்கிறது. பாண்டிய அரசுக்குரிய முத்துக்குளிப்பு அங்கே நடைபெற்றதென்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அது கூறும். தாலமியும் இத்துறைமுகத்தை அறிந்திருந்தார். சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைப் பலவிடங்களில் போற்றுகின்றன. கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரை அடையாளங்கண்டு அகழ்ந்து பார்த்தார். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69இல் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. முத்துச்சிப்பிகளும் அம்மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 2021இலும் அங்கே அகழாய்வு நடைபெற்றது.

இன்றைய கொற்கை தூத்துக்குடி மாவட்டத்தில் வயல் சூழ்ந்த சிற்றூர். தாமிரபரணி கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து கடலைச் சில கல் தொலைவுக்குத் தள்ளிவிட்டது. நாணயம் அடித்த அக்கசாலையின் பெயரைக் கோயில் ஒன்று தாங்கி நிற்கிறது. துறைமுகப் பெருமை தூத்துக்குடிக்குச் சென்றது. தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். அங்கிருந்து சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டிக்கும் முத்துநகர் என்றே பெயர். ஆயினும் மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து நடந்து, அத்துடன் நின்றுபோயிற்று. ஊருக்கும் வண்டிக்கும் பெயர் தந்த பொருள் கடலிலிருந்து கரைக்கு வருவது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நின்றிருக்கிறது.

மழைத்துளி என்னும் தீர்ப்பு

முத்து எவ்வாறு பிறக்கிறது? கடலின் மேற்பரப்புக்கு வந்து வாய்திறக்கும் இப்பி, குறித்த நாண்மீனில் பெய்யும் மழைத்துளியை ஏற்று உள்ளே கொண்டுசென்று முத்தாக்கும் என்பது பாரத நாடு முழுவதும் வழங்கிய நம்பிக்கை. உரோமானிய அறிஞர் பிளினி வான்பனியே முத்தாகிறது என எழுதினார். மூங்கில், கரும்பு, யானைக்கொம்பு, முகில் என முத்துப் பிறக்கும் இடங்களைப் பழைய நூல்கள் அடுக்கிச் சொல்லும். இவற்றுள் மழைத்துளிக் கருத்தே கவிஞர் நாவில் நிலைத்தது. நல்லோரைச் சேர்ந்தால் நீரும் முத்தாகும் என்னும் அறிவுரைக்கு அது வாய்ப்பாக அமைந்தது. இன்றும் கவியரங்கங்களில் ஆண்டுதோறும் சில சிப்பிகளாவது வாய்திறந்து மழைத்துளியை விழுங்கத்தான் செய்கின்றன.

மழைத்துளியை விடுத்தோர் மணலைப் பற்றினர். சிப்பிக்குள் மணற்துகள் புகுந்து உறுத்துவதால் முத்து உண்டாகிறது என்பது பலரும் அறிந்த விளக்கம். 1902இல் இலங்கையின் முத்துப்பார்களை ஆராய வந்த ஹெர்ட்மனும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெலும் ஒருவகை நாடாப்புழுவின் இளவுயிரே முத்துக்குக் கரு என எண்ணினர். மணலும் புழுவும் வாயிலாகலாம். எனினும் அவை முத்தைச் செய்வதில்லை. முத்தைச் செய்வது சிப்பியின் சொந்த உயிரணு. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் போர்வை போன்றதொரு மெல்லிய தசைமடிப்பு சிப்பிக்கு உண்டு. அப்போர்வையின் மேற்றோல் உயிரணுக்களே ஓட்டை உருவாக்குபவை. அவற்றுட் சில, காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ இடம்பெயர்ந்து உடலின் உட்புறம் சென்று சேர்ந்தால், அங்கே ஒரு சிறு பையாகச் சூழ்ந்து வளரும். இருக்கும் இடம் மாறினாலும் அவ்வுயிரணுக்கள் தம் தொழிலை மறப்பதில்லை. ஓட்டின் உட்பூச்சை எவ்வாறு செய்தனவோ அவ்வாறே பைக்குள்ளும் செய்கின்றன. அந்த உருண்டைப் பூச்சே முத்து.

புரதம் நெய்த பட்டு

முத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கால்சியம் கார்பனேட். வீட்டுச் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பும் காலப்போக்கில் காற்றோடு கூடி இறுகி அப்பொருளாகவே ஆகிறது. சுவரில் இல்லாத ஒளி முத்துக்கு வந்தது எவ்வாறு? எஞ்சிய சிறுபங்கே அதற்கு விடை. அச்சிறுபங்கில் புரதங்களும் கைட்டின் என்னும் நாரும் சிறிதளவு நீரும் உள்ளன.

முத்தை அறுத்து மின்னணு நுண்ணோக்கியில் காண்போர், செங்கல் அடுக்கிய சுவர் போன்றதொரு அமைப்பைக் காண்பர். செங்கல் என்பது அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகத் தகடு. அதன் தடிப்பு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமும் இதே அளவினது. ஆதலால் அடுக்கடுக்காகத் திரும்பி வரும் ஒளி தம்முள் கூடியும் கழிந்தும் அந்த மெல்லிய வண்ணச் சாயலைத் தருகிறது. செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்துதான் புரதமும் கைட்டினும் சேர்ந்த படலம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதை உயிரணுவின் மரபுக் குறிப்பு தீர்மானிக்கிறது. எழுத்துகளின் வரிசை மாறினால் சொல் மாறுவது போல, மணிகளின் வரிசை மாறினால் புரதத்தின் வடிவமும் தொழிலும் மாறும். முத்துச்சிப்பியின் சட்டகப் புரதம் ஒன்றில் கிளைசின், அலனின் என்னும் சிறிய அமினோ அமிலங்களே மிகுதி. பட்டுப்புழுவின் நூலிலும் சிலந்தியின் இழையிலும் மிகுந்திருப்பவை அவையே. அப்படியாயின், முத்தின் உள்ளே ஒருவகைப் பட்டு நெய்யப்பட்டிருக்கிறது எனலாம். வேறு சில புரதங்களில் அஸ்பார்ட்டிக் அமிலம் மிகுதி; அதன் எதிர்மின்னூட்டம் கால்சியத்தைப் பற்றி வரிசைப்படுத்தும். 1996இல் சப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த நேக்ரின் என்னும் புரதம் நொதியாகவும் தொழிற்படும் இயல்பினது. கரியமில வாயுவை நீருடன் கூட்டிப் பைகார்பனேட்டாக்கும் பகுதி அதனுள் உள்ளது. 2009இல் அறிவிக்கப்பட்ட பிஃப் என்னும் புரதம் அரகோனைட் அடுக்குக்கு இன்றியமையாதது. சிப்பியில் அதன் உற்பத்தியைத் தடுத்தபோது முத்தடுக்கின் ஒழுங்கு குலைந்தது. கல் அதே கல்தான். அதை அடுக்குவிக்கும் புரதம் குறைந்ததும் முத்தின் அமைப்பே கெட்டது.

கொழுப்பு இட்ட வரப்பு

புரதத்தின் புகழைப் பாடுவோர் கொழுப்பை மறப்பது வழக்கம். அன்றாடப் பேச்சில் ‘கொழுப்பு’ வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் கொழுப்பு இல்லையேல் உயிரணுவே இல்லை. ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்திருக்கும் சவ்வு, இரட்டை வரிசையாக நிற்கும் பாஸ்போ கொழுப்புகளால் ஆனது. நீரை விரும்பும் தலைகள் வெளிப்புறமாகவும் நீரை வெறுக்கும் வால்கள் உட்புறமாகவும் தாமே அணிவகுத்து நிற்கும். அதன் தடிப்பு ஏறத்தாழ ஐந்து நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி உயிருக்கு இச்சவ்வு. கடல் எது, சிப்பி எது என்பதைப் பிரித்து வைப்பது இதுவே.

இவ்வரப்பின் அருமை கால்சியத்தைக் கொண்டு விளங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் கரைந்துள்ளது. உயிரணுவின் உள்ளே தனித்துத் திரியும் கால்சியத்தின் செறிவோ அதில் ஏறத்தாழ ஒரு இலட்சத்தில் ஒரு பங்குதான். இந்த வேறுபாடு அழிந்தால் உயிரணு மடியும். ஆகவே சவ்வில் பதிந்துள்ள புரத இறைவைகள், உள்ளே கசியும் கால்சியத்தை ஓயாமல் வெளியே இறைக்கின்றன. உள்ளே தங்கினால் உயிரைக் குடிக்கும் பொருளே, போர்வைக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட நீரில் புரதத்தின் கட்டளைக்கு அடங்கும்போது முத்தாகிறது.

மூச்சும் செலவும்

கால்சியத்தை இறைக்கவும் புரதத்தைக் கோக்கவும் ஆற்றல் வேண்டும். ஓர் அமினோ அமிலத்தை மாலையில் சேர்ப்பதற்குக் குறைந்தது நான்கு உயராற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? சிப்பி தன் செவுள்களால் கடல்நீரை வடித்து நுண்பாசிகளை உண்கிறது. மிஞ்சிய உணவைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப் பொருளாகச் சேமிக்கிறது. முட்டை முதிரும் பருவத்தில் அச்சேமிப்பு குறைந்து முட்டையில் கொழுப்பும் புரதமும் நிறைகின்றன. தாய் கட்டிக்கொடுத்த அந்தக் கொழுப்புச் சோற்றை உண்டே, வாய் தோன்றாத இளவுயிர் கடலில் முதல் நாளைக் கழிக்கிறது. உணவை உடைத்து ஆற்றல் பெறுவதும், அவ்வாற்றலால் உடலைக் கட்டுவதும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்ததே வளர்சிதை மாற்றம். சிதைவும் வளர்ச்சியும் ஒரே சொல்லில் நிற்கும் இக்கலைச்சொல் தமிழுக்கு நன்கு வாய்த்தது.

முத்தின் செலவுக் கணக்கு வியப்புக்குரியது. 1992இல் பால்மர் என்னும் ஆய்வாளர் கடல் நத்தைகளில் கணித்துக் காட்டியபடி, ஓட்டில் சுண்ணாம்பைப் படியவைக்கும் செலவு, அதே எடைப் புரதத்தைச் செய்யும் செலவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. எடையில் மிகுந்தது சுண்ணாம்பு. எடைக்கு எடை உயிர் மிகுதியாகச் செலவிட்டது புரதத்துக்கு. கவிஞர்க்கு இது புதிதன்று. பக்கத்தை நிரப்பும் சொற்கள் எளிதில் வரும். அவற்றைக் கட்டி நிறுத்தும் ஓரிரு சொற்களுக்கே இரவெல்லாம் விழிக்க வேண்டியிருக்கும்.

முத்திலுள்ள கரியும் ஆராயத்தக்கது. அதன் பெரும்பகுதி கடல்நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்து வருகிறது. ஒரு சிறுபகுதியோ சிப்பி மூச்சாக வெளிவிட்ட கரியமில வாயுவிலிருந்து வருவது. எனவே முத்தில் சிப்பியின் மூச்சும் உறைந்திருக்கிறது என்பது உவமையன்று, வேதியியல் உண்மை. துன்பம் வந்தபோது நிகழ்வது இதற்கு மறுதலை. சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டால் உயிர்வளி அற்றுப்போகும். உயிர்வளி இன்றியே உணவைச் சிதைத்து அது உயிர் வாழ முற்படும்போது அமிலங்கள் பெருகும். அப்போது ஓட்டின் உட்சுண்ணாம்பு சிறிது கரைந்து அவ்வமிலத்தின் கடுமையைத் தணிக்கும். செழிப்புக் காலத்தில் பூசியதை நெருக்கடிக் காலத்தில் கரைத்துச் செலவிடுவது அதன் இல்லறக் கணக்கு.

நற்றாயும் செவிலியும்

இவையெல்லாம் எங்கோ நிகழ்ந்த ஆய்வுகள் என அன்பர்கள் எண்ணற்க. தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. அறிஞர் க. அழகர்சுவாமி முன்னின்று நடத்திய அம்முயற்சியால், 1973இல் உருண்டையான வளர்ப்பு முத்து இந்தியாவில் முதன்முதலாகக் கிடைத்தது. 1981இல் பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உண்டாக்கும் முறையும் அங்கே கைகூடியது. அக்குஞ்சுகளுக்கு ஊட்டிய பாசிகளுள் ஒன்று ஐசோகிரைசிஸ். இளவுயிரின் சவ்வுகளுக்கு வேண்டிய உயர்வகைக் கொழுப்பு அமிலம் அப்பாசியில் மிகுதி.

வளர்ப்பு முத்துக்கு இரண்டு சிப்பிகள் தேவை. ஒரு சிப்பியின் போர்வையிலிருந்து சிறு துண்டு வெட்டி எடுக்கப்படும், அச்சிப்பி மடியும். அத்துண்டும் ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணி ஒன்றும் மற்றொரு சிப்பியின் உடலுள் வைக்கப்படும். மணியை மட்டும் வைத்தால் முத்து வராது. போர்வைத் துண்டின் உயிரணுக்கள் உடன் இருக்க வேண்டும். அவை பெருகி மணியைச் சூழ்ந்து பையாகி, தம் மரபுக் குறிப்பின்படி புரதங்களைச் சுரந்து முத்தைச் செய்யும். இரண்டாம் சிப்பி அவற்றுக்கு உணவும் மூச்சும் தந்து காக்கும். அகப்பாடல் அறிந்தோர்க்கு இது தெரிந்த குடும்பம். முத்தின் இயல்பைத் தந்த முதற்சிப்பி நற்றாய். தன் உடலில் வைத்து ஊட்டி வளர்த்த இரண்டாம் சிப்பி செவிலி. இருவர் பெயரும் முத்தின் விலைச்சீட்டில் இடம்பெறுவதில்லை.

பொய்த்தது மழையன்று

மழைத்துளிதான் முத்தாகிறது என்பது உண்மையாயின், 1961க்குப் பின்னரும் மன்னார் வளைகுடாவில் மழை பெய்யத்தான் செய்தது. வடகிழக்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் வந்தது. வானம் பொய்க்கவில்லை, பார்களே பொய்த்தன. பார் என்பது சிப்பிகள் பற்றி வளரும் கடலடிப் பாறைத்தளம். இளஞ்சிப்பிகள் வந்து பற்றுவது ஆண்டுக்காண்டு மாறும். மணல் பெயர்ந்து மூடும். திருக்கை முதலிய மீன்களும் நத்தைகளும் தின்னும். செழித்த பார் சில ஆண்டுகளில் வெறுமையாவது வரலாறு நெடுகிலும் நிகழ்ந்ததே. பொரிப்பகத்தில் வளர்த்த இளஞ்சிப்பிகளைப் பார்களில் விட்டுப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. எனினும் பழைய முத்துச் சலாபம் திரும்பவில்லை.

இதற்கு மேலும் ஓர் இடர் சூழ்ந்துள்ளது. மாந்தர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளிவிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடல் உட்கொள்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1ஆகக் குறைந்துள்ளது. எண்ணில் சிறிதாகத் தோன்றும் இவ்வீழ்ச்சி, அமிலத்தன்மையில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு மிகுதியைக் குறிக்கும். சுண்ணாம்பை அடுக்க வேண்டிய உயிருக்குச் செலவு ஏறுகிறது. அமிலம் மிகுந்த நீரில் வைத்த முத்துச்சிப்பியின் ஓடு வலுக்குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. முத்தை வானத்தின் கொடை என்று பாடும் கவிதைக்கு இத்துயரம் தெரியாது. கொடை நின்றால் வானத்தைக் குறைகூறிவிட்டு அது அமைந்துவிடும். முத்தைச் சிப்பியின் உழைப்பு என்று அறிந்த கவிதையே, அவ்வுழைப்பாளியின் கடலுக்கு நேர்வதைக் கேட்கும்.

கருப்பொருளை அறிதல்

இங்கே ஓர் ஐயம் எழும். அறிவியல் இவ்வளவும் சொல்லிவிட்டால் கவிதைக்கு என்ன மிஞ்சும்? இதற்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உள்ளுறை உவமத்துக்கு நிலைக்களம் எது என வரையறுக்கும்போது, தெய்வத்தை நீக்கி ஏனைய கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொள்ளச் சொன்னார் தொல்காப்பியர். மரம், விலங்கு, பறவை என அந்நிலத்து உயிர்களின் மெய்யான இயல்பிலிருந்தே உட்பொருள் முளைக்க வேண்டும் என்பது இதன் கருத்து. நத்தை இனத்தையும் முரளையும் ஈரறிவுயிராக வகுத்தது மரபியல். உரையாசிரியர் இப்பியை அவற்றோடு சேர்த்து எண்ணுவர். தொடுவதும் சுவைப்பதும் மட்டுமே அறிந்த உயிர் எனக் கூர்ந்து நோக்கி வகுத்த மரபு அது. அம்மரபில் வந்தோர் அவ்வீரறிவுயிரின் தொழிலை மழைக்கு எழுதிக் கொடுப்பது பொருந்துமா?

பழைய கவிஞர் அறிந்த அளவில் மழைத்துளியைப் பாடியது குற்றமன்று. அவர் காலத்தில் சிப்பியின் உயிரணுவைக் காணும் கருவி இல்லை. கருவி வந்தபின்னும் அதே துளியைப் பாடுவது மரபைப் போற்றுவதாகாது. கூர்ந்து பார்த்தலே மரபு; துளி அம்மரபு விட்டுச்சென்ற ஒரு பழைய குறிப்பு மட்டுமே. நெய்தல் நிலத்துக் கவிஞர்க்கு இன்று கிடைத்துள்ள கருப்பொருள்கள் குறைந்தவையல்ல. உடலிற்குள் இடம்பெயர்ந்தும் தொழிலை மறவாத உயிரணு உண்டு. கல்லுக்குள் நெய்த பட்டும், உள்ளிருந்தால் கொல்வதை வெளியேற்றி ஒளியாக்கும் கொழுப்புச் சவ்வும் உண்டு. உறைந்த மூச்சும், பெயரில்லாச் செவிலியும் உண்டு. இவற்றுள் ஒன்றையேனும் உள்ளுறையாக அமைத்த பாடல், இவ்வட்டத்தின் இரண்டாம் பத்தாண்டில் பிறக்குமாயின் கொற்கைக்கு அது பெருமை சேர்க்கும்.

கொற்கையின் வயல்களுக்குக் கீழே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிப்பியோடுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் திறந்தவர்கள் உள்ளே முத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓட்டை எறிந்தனர். முத்தைச் செய்த உயிரை அன்று எவரும் பார்க்கவில்லை. பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்தது காலம் கடந்த பின். முத்தைப் பொறுத்தவரை காலம் இன்னும் முற்றிலும் கடந்துவிடவில்லை. மன்னார் வளைகுடாவின் அடியில் சிப்பிகள் இன்னமும் தம் செவுளால் நீரை வடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதுக என்று வேண்டி இவ்வுரை நிறைவுறுகிறது.